ஒரு வசனமும் பேசாத செம்மறிகள்

2015 பிப்ரவரியில் பிரிட்டனில் வெளியான 'ஷான் தி ஷீப்' திரைப்படம் 85 நிமிடம் ஓடுகிறது. அந்த 85 நிமிடத்தில் புரியும்படியான ஒரு வசனம்கூட இல்லை. ஆடுகள் 'மே' என்கின்றன, நாய் உறுமுகிறது, மனிதர்கள் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டுப் போகிறார்கள். நடித்திருப்பவை ஒரு சாண் அளவுள்ள பொம்மைகள். அவை மேசைமேல் நிற்கவைக்கப்பட்டு, விரலால் நகர்த்தி நகர்த்திப் படமெடுக்கப்பட்டவை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மன் நிறுவனம் தயாரித்த இந்தப் படத்தை மார்க் பர்ட்டனும் ரிச்சர்ட் ஸ்டார்சாக்கும் சேர்ந்து எழுதி இயக்கினார்கள். உலகெங்கும் 10 கோடி டாலருக்கு மேல் வசூலானது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

கணினியால் எதையும் வரைந்துவிடலாம் என்றாகிவிட்ட காலத்தில் வந்த பொம்மைப் படம் இது. நான்கு வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே இடத்தில் சிரிக்கிற மாதிரி ஒரு படம் அமைவது எந்த மொழியிலும் அபூர்வம். இந்தப் படத்துக்கு அது எப்படிக் கைவந்தது என்பதை அறிய, இது செய்யப்பட்ட விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த முறைக்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. நடிகர் நடக்கும்போது கேமரா அந்த 24 படங்களையும் தானே எடுத்துக்கொள்கிறது. பொம்மை தானாக நடக்காது. ஆகவே அனிமேட்டர் அதை ஒரு நூலளவு நகர்த்தி, கையை எடுத்துக்கொண்டு, ஒரு படம் எடுக்கிறார். மறுபடி நூலளவு நகர்த்தல், மறுபடி ஒரு படம். இவற்றை வரிசையாக ஓட்டினால் பொம்மை நடப்பதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே நிலையை இரண்டு படமாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்போது விநாடிக்கு 12 முறை நகர்த்தினால் போதும். இயக்கத்தில் லேசான ஒரு வெட்டு தெரியும். இந்த வகைப் படங்களுக்கே உரிய துள்ளலாக அது கண்ணுக்குப் பழகிவிடுகிறது.

கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். 85 நிமிடத்துக்கு 1,22,400 படங்கள். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலைக் கழித்தாலும் ஒரு லட்சத்துக்குக் குறையாது. நல்ல பயிற்சியுள்ள அனிமேட்டர் நாள் முழுக்க வேலை செய்தால் திரையில் இரண்டு மூன்று விநாடி தேறும். நாளுக்கு இரண்டு விநாடி என்று வைத்துக்கொண்டால், ஒருவரே முழுப் படத்தையும் முடிக்க 2,550 நாள் ஆகும். விடுமுறையே இல்லாத ஏழு ஆண்டுகள்! அதனால்தான் பல அரங்குகளில், பல அனிமேட்டர்கள், ஒரே பாத்திரத்தின் பல பிரதிகளை வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் வேலை செய்கிறார்கள். ஷான் ஒருவன்தான், பொம்மைகள் பல. ஒருவர் நகர்த்தும் ஷானும் அடுத்த அரங்கில் இன்னொருவர் நகர்த்தும் ஷானும் ஒரே ஆடாகத் தெரிய வேண்டும். அவன் எப்படி நடப்பான், யோசிக்கும்போது எத்தனை நேரம் அசையாமல் நிற்பான் என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடிவாகியிருக்கும்.

ஒரு சின்ன அசைவைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஷான் தலையைத் திருப்பி ஒரு வாளியைப் பார்க்க வேண்டும். முதலில் கண்மணி நகர வேண்டும், ஏனென்றால் உயிருள்ள எதுவும் பார்த்த பிறகுதான் திரும்பும். பொம்மையின் கண் ஒரு சிறு மணி. கருவிழியின் நடுவே ஊசி முனை நுழையும் அளவுக்குத் துளை இருக்கிறது. அனிமேட்டர் அதில் ஊசியை விட்டு மயிரிழை திருப்புகிறார். ஒரு படம். அடுத்ததற்கு இமையைப் பொருத்துகிறார், கண் பாதி மூடியிருக்கிறது. ஒரு படம். பிறகு தலை திரும்புகிறது. நேர்கோட்டில் திரும்பினால் அது மின்விசிறி திரும்புவதுபோல் இருக்கும். ஆகவே லேசாகக் கீழே தாழ்ந்து மேலேறும் வளைவில் திருப்ப வேண்டும். தொடங்கும்போது மெதுவாக, நடுவில் வேகமாக, முடியும்போது மறுபடி மெதுவாக. தலை நின்ற பிறகு காது ஒரு இம்மி பின்தங்கி வந்து சேர வேண்டும். திரையில் இது ஒரு விநாடிகூட ஆகாது. அரங்கில் காலை வேலை முழுவதையும் இது விழுங்கிவிடும். இடையில் விளக்கு ஒன்று தட்டுப்பட்டாலோ, மேசை அசைந்தாலோ முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கடைசியாக எடுத்த படத்தின் சாயலைத் திரையில் காட்டி, அடுத்த நிலையோடு ஒப்பிட உதவும் டிராகன்ஃபிரேம் போன்ற மென்பொருள்கள் இப்போது உள்ளன. அவை வழி காட்டும். பொம்மையை விரல்தான் நகர்த்த வேண்டும்.

பொம்மைக்குள் எலும்புக்கூடு உண்டு. உலோக மூட்டுகளாலோ வளையும் கம்பியாலோ ஆன சட்டம் அது. அதன் மேல் பிளாஸ்டிசின் களிமண், ரப்பர், துணி என்று பாத்திரத்துக்கு ஏற்றபடி போர்த்துகிறார்கள். இரண்டு காலில் ஓடும் ஆடு விழாமல் நிற்க, பாதத்தை அரங்கின் தரையோடு அடியிலிருந்து திருகாணியால் பிடித்து வைப்பார்கள். காற்றில் தாவும் ஆட்டைக் கம்பி ஒன்று தாங்கிப் பிடிக்கும். பின்னர் கணினியில் அந்தக் கம்பி அழிக்கப்படும்.

கை பட்ட இடத்தில் தடம் விழும். 1933இல் வந்த 'கிங் காங்' படத்தில் குரங்கின் ரோமம் காரணமில்லாமல் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். வில்லிஸ் ஓ'பிரையனின் குழு பொம்மையைத் தொட்டுத் தொட்டு நகர்த்தியபோது ஒவ்வொரு படத்திலும் ரோமம் வேறு வேறு பக்கம் படிந்ததன் விளைவு அது. ஆர்ட்மனின் களிமண் பாத்திரங்களில் பெருவிரல் ரேகையே தெரியும். அந்த நிறுவனம் அதை மறைப்பதில்லை, தன் அடையாளமாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. மண்பானையில் குயவரின் விரல் ஓடிய கோடு தெரிவது போலத்தான் இதுவும். பார்ப்பவர் அந்தக் கோட்டைத் தனியாகக் கவனிக்காமல் போகலாம். ஆனால் இது ஒருவர் செய்தது, இதற்கு எடை உண்டு, தொட்டால் விரலுக்குத் தட்டுப்படும் என்று மனத்துக்குத் தெரிந்துவிடுகிறது. படத்தில் வரும் தேநீர்க் கோப்பை, தகரக் கூரை, சேறு படிந்த ரப்பர் காலணி எல்லாமே சின்ன அளவில் யாரோ நிஜமாகச் செய்தவை. எந்தக் குழந்தைக்கும் தன் பொம்மைகள் இரவில் எழுந்து நடமாடுமா என்ற சந்தேகம் ஒருநாள் வரும். அந்தச் சந்தேகத்துக்கு 'ஆம்' என்று பதில் சொல்லும் கலை இது.

இதன் வரலாறு சினிமாவின் வரலாற்றோடு ஒட்டியே வருகிறது. நகைச்சுவையும் தொடக்கத்திலிருந்தே உடன் இருக்கிறது. லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் என்பவர் ரஷ்யாவில் 1912இல் 'ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்' என்ற குறும்படத்தை எடுத்தார். செத்த வண்டுகளின் கால்களில் கம்பி கட்டி, அவற்றைக் கணவனும் மனைவியும் காதலர்களுமாக நடிக்கவைத்த குறும்புக் கதை அது. பிறகு ஹாலிவுட் இந்த முறையைப் பூதங்களையும் விலங்குகளையும் காட்டவே அதிகம் பயன்படுத்தியது. ரே ஹாரிஹவுசன் 1963இல் 'ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்' படத்தில் எலும்புக்கூடுகளை வாள் சுழற்றவைத்த காட்சி இன்றும் பாடமாகக் காட்டப்படுகிறது. ஐரோப்பாவில், குறிப்பாகச் செக் நாட்டில், பொம்மைப் படம் தனிக் கலையாகவே வளர்ந்தது.

பிரிட்டனில் பீட்டர் லார்டும் டேவிட் ஸ்ப்ராக்ஸ்டனும் 1972இல் ஆர்ட்மனைத் தொடங்கினார்கள். 1977இல் பி.பி.சி.யின் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றுக்காக அவர்கள் உருவாக்கிய 'மார்ஃப்' என்ற சிறு களிமண் மனிதன் ஒரு தலைமுறைக்கே நண்பனானான். 1985இல் நிக் பார்க் அங்கே வந்து சேர்ந்தார். திரைப்படக் கல்லூரியில் தொடங்கி முடிக்காமல் வைத்திருந்த ஒரு குறும்படம் அவர் கையில் இருந்தது. சீஸ் தீர்ந்துபோனதால் நிலவுக்கே ராக்கெட் கட்டிப் போகும் வாலஸ் என்ற கண்டுபிடிப்பாளரும், அவர் வளர்க்கும் குரோமிட் என்ற நாயும் அதன் நாயகர்கள். 'எ கிராண்ட் டே அவுட்' என்ற அந்தப் படம் 1989இல்தான் முடிந்தது.

பின்னாளில் ஷான் படத்தையே சாத்தியமாக்கிய ஒரு கண்டுபிடிப்பு அந்தப் படத்தில் நிகழ்ந்தது. குரோமிட் பேசும் நாயாகத்தான் முதலில் யோசிக்கப்பட்டது. ஆனால் ஆரம்பக் காட்சிகளில் ஒன்றில் குரோமிட் மரப்பலகைக்குக் கீழே மாட்டிக்கொண்டிருக்க, அதன் வாயைப் படத்துக்குப் படம் மாற்றுவது பெரும்பாடாக இருந்தது. கைக்கு எட்டியது புருவம் மட்டுமே. பார்க் அதைச் சற்று ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். எரிச்சல், சலிப்பு, பொறுமை, பாசம் எல்லாம் அந்த ஒரு புருவத்தில் வந்துவிட்டன. அதோடு குரோமிட்டுக்கு வாயே இல்லாமல் போயிற்று. வாய் பேசாத அந்த நாய்தான் இன்று வாலஸைவிடப் பேர்பெற்றது.

ஷான் பிறந்தது 1995இல், அதே இணையின் 'எ குளோஸ் ஷேவ்' படத்தில். வாலஸின் இயந்திரத்துக்குள் தவறி விழுந்து, ரோமம் முழுவதும் மழிக்கப்பட்டு, அதே கம்பளியில் பின்னிய சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வரும் குட்டி ஆடு அவன். 'ரோமம் கத்தரிக்கப்பட்ட' என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் ஷான் என்ற பெயரும் காதுக்கு ஒன்றாகவே ஒலிக்கும். பெயருக்கு அதுதான் காரணம். அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. சில நிமிடமே வந்த அந்தக் குட்டியை மக்கள் மறக்கவில்லை. 2007இல் ஷானுக்கென்றே தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. ஓர் அத்தியாயம் ஏழு நிமிடம்தான். ரிச்சர்ட் ஸ்டார்சாக் அதை வசனமே இல்லாமல் வடிவமைத்தார். உதட்டசைவு ஒவ்வொன்றுக்கும் வாயை மாற்றிக்கொண்டிருந்தால் தொலைக்காட்சி வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பது நடைமுறை உண்மை. சிக்கனம் பார்த்து எடுத்த முடிவு அந்தத் தொடரின் பெரிய பலமாகிவிட்டது. டப்பிங் வேண்டாம், கீழே எழுத்து வேண்டாம். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் அரபு நாடுகளிலும் அப்படியே ஓடியது.

ஏழு நிமிடத்தில் எடுபடுவது 85 நிமிடத்தில் எடுபடுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. வசனம் இல்லாமல் ஒரு முழுநீளக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் கதை தெளிவாக இருக்க வேண்டும். உணர்வும் ஆழமாக இருக்க வேண்டும். இரண்டையும் படம் முதல் சில நிமிடங்களிலேயே கட்டிவிடுகிறது.

மாஸி பாட்டம் என்ற பண்ணை. ஒரு விவசாயி, அவருக்குப் பெயர் கிடையாது, படம் முழுக்க அவர் 'விவசாயி'தான். பிட்ஸர் என்ற காவல் நாய். ஷானும் அவன் கூட்டமும். எல்லாரும் குட்டிகளாக இருந்தபோது விவசாயியும் இளைஞர். அப்போது எடுத்த ஒரு புகைப்படத்தோடு படம் தொடங்குகிறது. பிறகு ஆண்டுகள் ஓடுகின்றன. சேவல் கூவுகிறது, கதவு திறக்கிறது, பட்டியலைப் பார்த்து வேலை நடக்கிறது, இரவாகிறது; மறுநாள் சேவல் கூவுகிறது. ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் விவசாயியின் முகத்தில் களைப்பு ஏறுகிறது, ஷானின் நடையில் சலிப்பு ஏறுகிறது. பாசத்தோடு தொடங்கிய வீடு பழக்கத்தால் மங்கிப்போனதை ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடுகிறார்கள்.

ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொள்ளும்படி அழைக்கும் விளம்பரம் ஒன்றைப் பேருந்தின் பக்கவாட்டில் ஷான் பார்க்கிறான். திட்டம் உருவாகிறது. தூக்கம் வராதவர்கள் வேலி தாண்டும் ஆடுகளை மனத்துக்குள் ஒவ்வொன்றாக எண்ணினால் கண் சொக்கும் என்று மேலைநாடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஷானின் கூட்டம் அதை நிஜமாகவே செய்து காட்டுகிறது. விவசாயியின் எதிரில் ஆடுகள் வரிசையாக வேலியைத் தாண்டுகின்றன. தாண்டியவை சுற்றி ஓடி வந்து மறுபடி தாண்டுகின்றன. எண்ணிக்கொண்டே வந்த விவசாயி தூங்கிவிழுகிறார். அவரை ஒரு பழைய கேரவனில் படுக்கவைத்து, இன்னும் இரவுதான் என்று நம்பும்படி செய்துவிட்டு ஆடுகள் வீட்டுக்குள் கும்மாளத்தைத் தொடங்குகின்றன. சக்கரத்துக்கு வைத்த முட்டு நழுவுகிறது. கேரவன் சரிவில் உருண்டு நகரத்துக்கே போய்விடுகிறது. அங்கே விவசாயிக்குத் தலையில் அடிபட்டு நினைவு தப்புகிறது. அவரைத் தேடி முதலில் பிட்ஸரும், பின்னாலேயே பேருந்து ஏறி ஆடுகளும் நகரத்துக்கு வருகின்றன.

இங்கிருந்து நகைச்சுவை வேகமெடுக்கிறது. பழைய துணிகளை மாட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று, ஆடுகள் மனிதர்களாக வேடமிடுகின்றன. அந்தக் கோலத்தில் ஓர் உயர்தர உணவகத்துக்குள் போய் உட்காருகின்றன. எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாது. பக்கத்து மேசையில் இருப்பவரைப் பார்த்து அவர் செய்வதையெல்லாம் அப்படியே செய்கின்றன. பெரிய இடத்து விருந்துக்கு முதல்முறை போய், எந்தக் கரண்டியை எடுப்பது என்று தெரியாமல் அடுத்தவரை ஓரக்கண்ணால் பார்த்த யாருக்கும் இந்தக் காட்சி நெருக்கமானது. எதையும் யோசிக்காமல் பிறர் பின்னால் போவதைச் 'செம்மறி ஆட்டுக் கூட்டம்' என்று தமிழில் பழித்துச் சொல்வதுண்டு. ஆங்கிலத்திலும் அதே பழி உண்டு. படம் அந்தப் பழியை அழகாகப் புரட்டிப் போடுகிறது. திட்டம் போடுவது ஆடு. ஒருவர் வெட்டிக்கொண்ட முடியைப் பார்த்து ஊரே அதேபோல் வெட்டிக்கொள்ள ஓடுவது மனிதர்கள்.

அந்த முடிவெட்டும் கதைதான் படத்தின் இதயம். நினைவு இழந்த விவசாயி மருத்துவமனையிலிருந்து வெளியேறி அலைகிறார். ஓர் அழகு நிலையத்தில் மின் கத்தரியைப் பார்க்கிறார். மனத்துக்கு எதுவும் நினைவில்லை, கைக்கு நினைவிருக்கிறது. இத்தனை ஆண்டு ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்த கை தானாகவே அதை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பிரபலத்தின் தலையை ஆட்டுக்குக் கத்தரிப்பதுபோலவே கத்தரித்துவிடுகிறது. அந்த அலங்காரம் நகரத்தின் மோகமாகிறது. பெயரற்ற விவசாயி 'மிஸ்டர் எக்ஸ்' என்ற புகழ்பெற்ற சிகையலங்காரக் கலைஞராகிறார். சிரிக்கவைப்பதற்காக எழுதப்பட்ட திருப்பம்தான். ஆனாலும் மறந்துபோன ஒரு வாழ்க்கை விரல் நுனியில் மிச்சமிருக்கிறது என்ற எண்ணம், விரல் நுனியால் உருவாக்கப்பட்ட இந்தப் படத்துக்கு எத்தனை பொருத்தம்!

ஷான் அவரைக் கண்டுபிடித்து விடுகிறான். அவர் ஷானை அடையாளம் தெரியாமல் விரட்டிவிடுகிறார். இந்த இடத்தில் அனிமேட்டர்கள் மிகக் குறைவாகவே செய்கிறார்கள். ஷானுக்கு நேராகப் பார்க்கும்போது வாய் தெரியாது, புருவம் கிடையாது. இருப்பவை இரண்டு கண்கள், இமைகள், பக்கவாட்டில் இரண்டு காதுகள். காது மெல்லத் தொங்குகிறது. இமை பாதி இறங்குகிறது. கண்மணி அசையவில்லை. ஒரு நடிகர் கண்ணீர் விட்டுக் கதறியிருந்தால் இந்த அளவுக்கு மனம் கனத்திருக்காது. முகத்தில் எழுத இடம் குறைவாக இருப்பதால் பார்ப்பவர் தன் துக்கத்தை அங்கே எழுதிக்கொள்கிறார். அன்றிரவு ஒரு சந்தில் ஒடுங்கிக் கிடக்கும் ஆடுகள், தாயை ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி டிம்மிக்காக 'மே' ஒலியிலேயே ஒரு தாலாட்டுப் பாடுகின்றன. படத்தின் பாட்டு ஒன்றின் மெட்டுதான் அது. சொல் இல்லாத தாலாட்டு எந்த மொழிக் குழந்தையையும் தூங்கவைக்கும்.

வசனமில்லாத படத்தில் ஒலி இரட்டிப்பு வேலை செய்கிறது. ஐலன் எஷ்கெரியின் இசை ஓட்டத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. ஷானுக்கும் டிம்மிக்கும் ஜஸ்டின் ஃபிளெட்சர் குரல் கொடுத்திருக்கிறார். விவசாயிக்கும் பிட்ஸருக்கும் ஜான் ஸ்பார்க்ஸ். சொல்லில்லாத குரலுக்கு எதற்கு நடிகர் என்று தோன்றலாம். கேட்டுப் பார்த்தால் தெரியும்: விவசாயியின் முணுமுணுப்பில் கேள்வியும் கோபமும் சமாதானமும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. தமிழ் ரசிகர்களுக்கு இந்த அனுபவம் புதிதும் அல்ல. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து 1987இல் வந்த 'பேசும் படம்' வசனமே இல்லாமல் முழுப் படத்தையும் நடத்திக் காட்டியது. அதற்கெல்லாம் முன்னோடி மௌனப்படக் காலத்துச் சாப்ளினும் பஸ்டர் கீட்டனும். கீட்டன் சிரிக்காத முகத்தோடு உலகத்தைச் சிரிக்கவைத்தவர். ஷானின் பரம்பரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

குடும்பப் படம் என்ற பெயரில் வரும் பல படங்கள் குழந்தைகளுக்கு ஒரு பங்கு, பெரியவர்களுக்கு ஒரு பங்கு என்று சிரிப்பைப் பிரித்துக் கொடுக்கும். குழந்தை விழிக்கும்போது அப்பா சிரிப்பார், அப்பா கொட்டாவி விடும்போது குழந்தை சிரிக்கும். ஷான் படத்தில் அப்படிப் பிரிவு அதிகம் இல்லை. பிட்ஸர் அறுவைச் சிகிச்சை நிபுணரின் உடையில் மாட்டிக்கொண்டு, எதிரில் எலும்பைப் பார்த்து நாய்ப் புத்தியோடு போராடும் காட்சியில் குழந்தைக்கு எலும்பும் நாயும் வேடிக்கை. பெரியவருக்கு, மரியாதையான உடையில் இருந்துகொண்டு ஆசையை அடக்கும் பாடு வேடிக்கை. ஒரே காட்சி, ஒரே நேரத்துச் சிரிப்பு. விலங்குகளைப் பிடித்து அடைக்கும் அதிகாரி ட்ரம்பரும் இருவருக்கும் பயம் தருகிறார். குழந்தைக்கு அவர் பூச்சாண்டி. பெரியவருக்கு, சீருடை மாட்டியதும் இரக்கத்தைக் கழற்றி வைத்துவிடும் ஆள். அவருடைய கூண்டில் ஷான் சந்திக்கும் ஸ்லிப் என்ற தெருநாய்க்கு யாருமில்லை. வீடு இருந்தும் அலுத்துக்கொண்ட ஷானுக்கு எதிரே, வீடே இல்லாத ஒரு ஜீவனை நிறுத்தியிருப்பது கதையின் நல்ல யோசனை.

குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பகுதியில் வரும் துரத்தல், பாறைக்குழியின் விளிம்பில் தொங்கும் கொட்டகை எல்லாம் இந்த வகைப் படங்களில் பலமுறை பார்த்தவை. முன்பாதியின் நுட்பம் அங்கே கொஞ்சம் குறைகிறது. ஆனால் முடிவில் நினைவு திரும்பிய விவசாயி அன்றைய வேலைப் பட்டியலை ரத்து செய்து எல்லாருக்கும் விடுமுறை தரும்போது, படம் தொடங்கிய இடத்துக்கே நேர்மையாகத் திரும்பி வந்திருக்கிறது. ஸ்லிப்புக்கும் ஒரு வீடு கிடைத்துவிடுகிறது.

இந்தத் தொழில் சுலபமாகப் பிழைத்துக்கொண்டிருக்கவில்லை. 2000இல் ஆர்ட்மன் எடுத்த 'சிக்கன் ரன்' 22 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஸ்டாப் மோஷன் படங்களில் இன்றுவரை அதுதான் வசூலில் முதலிடம். 2005 அக்டோபரில், வாலஸ்-குரோமிட் முழுநீளப் படம் அமெரிக்காவில் வசூலில் முதலிடம் பிடித்த அதே வாரத்தில், பிரிஸ்டலில் ஆர்ட்மனின் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. முந்தைய படங்களின் அரங்குகளும் பொம்மைகளும் சாம்பலாயின. அடுத்த ஆண்டு அந்தப் படம் ஆஸ்கர் வென்றது. 2018இல் லார்டும் ஸ்ப்ராக்ஸ்டனும் நிறுவனத்தின் பெரும்பங்கை வெளியாருக்கு விற்காமல் ஊழியர்களின் பெயரிலேயே மாற்றினார்கள். ஒரு விநாடிக்காக நாள் முழுக்க நிற்பவர்களின் கையில் அந்த நிறுவனம் இப்போது இருக்கிறது.

அமெரிக்காவில் லைகா நிறுவனம் 2009இல் 'கோரலைன்' படத்திலிருந்து, முகபாவங்களை முப்பரிமாண அச்சில் வார்த்து மாற்றி மாற்றிப் பொருத்தும் வழியை எடுத்துக்கொண்டது. கில்லர்மோ டெல் டோரோவின் 'பினோக்கியோ' 2022இல் வந்து ஆஸ்கர் பெற்றது. ஷானின் இரண்டாவது படமான 'ஃபார்மகெடான்' 2019இலும், வாலஸ்-குரோமிட்டின் புதிய படம் 2024இலும் வெளிவந்தன. கணினி வந்ததும் அழிந்துவிடும் என்று நினைக்கப்பட்ட கலை, கணினியைத் தன் எடுபிடியாக வைத்துக்கொண்டு நடக்கிறது.

வீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்ப்பதற்கு எதையாவது தேடுபவர்கள் இந்தப் படத்திலிருந்து தொடங்கலாம். ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத பேரனுக்கும் தேவையில்லை. படம் முடிந்தபின் பழைய துணிப்பொம்மை ஒன்றையும் கைப்பேசி ஒன்றையும் குழந்தையிடம் கொடுத்து, பொம்மையை மேசையில் ஒரு விரற்கடை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம் என்று எடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு படம் சேர்ந்ததும் பொம்மை ஒரு அடி எடுத்து வைத்திருக்கும்.